டாஜின்யோ

டாஜின்யோ என்பது, ராப் பாடகர் டாப்லோவின் கல்லூரிப் பட்டங்கள் போலி என்று நிறுவ 2010-இல் தென்கொரியாவின் நேவர் தளத்தில் உருவான இணையக் குழு. 'டாப்லோவிடம் உண்மையைக் கோருகிறோம்' என்ற கொரியத் தொடரின் சுருக்கமே இப்பெயர். உச்சத்தில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் இதில் இருந்தனர்.

தோற்றம்

எபிக் ஹை இசைக்குழுவைச் சேர்ந்த டாப்லோ, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை, முதுகலை இரண்டையும் மூன்றரை ஆண்டுகளில் முடித்தவர். அது நடக்கிற காரியமா என்று எழுந்த ஐயம் சட்டென்று பற்றிக்கொண்டது. 2007-இல்தான் பேராசிரியர் ஷின் ஜியோங்-ஆவின் யேல் பட்டம் போலி என்று அம்பலமாகி, அடுத்தடுத்துப் பல பிரபலங்களின் படிப்பும் சந்தி சிரித்திருந்தது. கல்லூரி நுழைவுத் தேர்வுக்காகப் பிள்ளைகள் நள்ளிரவுவரை கண்விழிக்கும் நாட்டில், போலிப் பட்டம் தங்கள் உழைப்பைத் திருடுவதாகவே பலருக்குப் பட்டது. டாப்லோ கனடியக் குடிமகன் என்பதால் கட்டாய ராணுவச் சேவை அவருக்கு இல்லை. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

கட்டுக்கோப்பு

உறுப்பினர்கள் தங்களைத் துப்பறிவாளர்களாகவே கருதினர். சிலர் ஆவணங்களில் பிழை தேடினர். சிலர் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினர். சிலர் அவருடைய குடும்பத்தாரின் பின்னணியைக் கிளறினர். கூட்டு வேலை உறவை இறுக்கியது. புனைபெயர் துணிச்சலைத் தந்தது.

டாப்லோ மதிப்பெண் பட்டியலைக் காட்டினார், திருத்தப்பட்டது என்றனர். பதிவாளர் தாமஸ் பிளாக் பட்டத்தை உறுதிசெய்தார். அதே பெயருள்ள வேறொருவரின் பட்டம் என்றனர். எம்பிசி தொலைக்காட்சி கேமராவுடன் அவரை ஸ்டான்ஃபோர்டுக்கே அழைத்துச் சென்றது. அதையும் நம்பவில்லை.

இந்தப் பிடிவாதம் உளவியலுக்குப் புதிதல்ல. 1954-இல் உலகை வெள்ளம் அழிக்கும் என்று காத்திருந்த ஓர் அமெரிக்கக் குழுவை உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் ஆராய்ந்தார். வெள்ளம் வராதபோது, அதன் தீவிர உறுப்பினர்கள் முன்பைவிட உரக்கப் பிரசாரம் செய்தனர். நம்பிக்கைக்காக நிறைய இழந்தவருக்கு அதைக் கைவிடுவது மேலும் ஓர் இழப்பு. மாதக்கணக்கில் ஒருவரைத் துரத்தியவருக்கோ, தவறை ஒப்புக்கொள்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும்.

முடிவு

2010 அக்டோபரில் காவல்துறை பட்டங்கள் உண்மை என்று அறிவித்தது. அமெரிக்காவில் வசித்த குழுவின் நிறுவனர், வேறொருவர் பெயரில் கணக்கு வைத்திருந்ததும் தெரியவந்தது. குழு முடக்கப்பட்டது, அதே பெயரில் இரண்டாவது குழு முளைத்தது. 2012-இல் அவதூறு வழக்கில் உறுப்பினர்கள் சிலருக்கு நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.