வறட்சிக் காலத்தில் அணைகள் ஏன் இவ்வளவு விரைவாக வற்றுகின்றன?

மழை பொய்த்தால் அணை வற்றும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மழை கால்பங்கு குறைந்தால், அணைக்கு வரும் நீரும் கால்பங்குதான் குறையுமா? இல்லை. பெரும்பாலும் அதைவிட மிக அதிகமாகவே குறைகிறது. இதற்கான காரணங்களை நம் ஆரணிப் பகுதியை வைத்தே பார்ப்போம்.

ஆரணி வழியாக ஓடும் கமண்டல நாகநதி ஜவ்வாது மலையில் உருவாகிச் செய்யாற்றில் கலக்கிறது. மேற்பகுதியில் படவேடு அருகே செண்பகத்தோப்பு அணை உள்ளது. அதன் உயரம் சுமார் 62 அடி; கொள்ளளவு சுமார் 287 மில்லியன் கன அடி. இது ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அல்ல. மழை பெய்தால் வெள்ளம், இல்லையென்றால் மணல்.

முதல் மழை மண்ணுக்கே

மாதக்கணக்கில் காய்ந்த மண், முதலில் பெய்யும் மழையைத் தானே குடித்துவிடுகிறது. மண் நனைந்த பிறகு பெய்யும் மழைதான் ஓடையாக ஓடி அணைக்கு வரும். மழை விட்டு விட்டு லேசாகப் பெய்தால், மழையளவு கணக்கில் ஏறும். அணையில் நீர் ஏறாது.

கீழே இறங்கிய நிலத்தடி நீர்

முன்பு மழை நின்ற பிறகும் ஊற்றுநீர் கசிந்து ஆறு சில வாரங்கள் ஓடியது. இன்று ஆழ்துளைக் கிணறுகளால் நிலத்தடி நீர் ஆற்றுப்படுகைக்கும் கீழே போய்விட்டது. அதனால் ஆற்றில் வரும் நீரும் வழியிலேயே உள்ளே இறங்கிவிடுகிறது.

வெயிலும் வண்டலும்

தமிழகத்தின் உள்மாவட்டங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயர நீர் ஆவியாகிறது. ஆழம் குறைந்து பரந்து கிடக்கும் ஏரிகளுக்கு இழப்பு இன்னும் அதிகம். மேலும், வெள்ளத்தோடு வரும் வண்டல் படியப் படிய, நல்ல மழை ஆண்டிலும் சேமிக்க இடம் குறைகிறது. வரத்துக் கால்வாய் அடைபட்டாலும் மதகு பழுதானாலும் இதே கதிதான். செண்பகத்தோப்பிலேயே மதகுக் கதவுகள் பழுதாகி, பல ஆண்டுகள் முழு அளவுக்கு நீரைத் தேக்க முடியாமல் போனது.

அடிக்கணக்கு ஏமாற்றும்

அணையின் அடிப்பகுதி குறுகலானது, மேற்பகுதி அகன்றது. மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் 60 அடியாக இருக்கும்போது இருப்பு பாதி அல்ல, சுமார் 25 டி.எம்.சி. மட்டுமே. அதிலும் மதகுக்குக் கீழே தங்கும் நீரைத் திறந்துவிட முடியாது. எனவே செய்தித்தாளில் அடியை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

அண்மைய பாடங்கள்

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2018 பருவமழையும் குறைந்ததால், 2019 ஜூனில் சென்னைக்கு நீர் தரும் நான்கு ஏரிகளில் மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இருப்பு இல்லை. ஜூலையில் நமக்கு அருகிலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குக் குடிநீர் போனது.

நெசவாளருக்கு என்ன?

பட்டு நூலின் பசையை நீக்க, சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீர் வேண்டும். சாயம் ஏற்றிய பிறகும் பலமுறை அலச வேண்டும். ஆறும் ஏரியும் வற்றி, ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரை நம்பும் நிலை வந்தால் சோப்பு நுரைக்காது, நூலில் படிவு ஒட்டும், சாயம் சீராகப் பிடிக்காது. நல்ல நீரை விலைக்கு வாங்கினால் அந்தச் செலவு கூலியைத்தான் கடிக்கும்.

மழையை நாம் வரவழைக்க முடியாது. ஆனால் மற்ற காரணங்களில் பல நம் கையில் உள்ளன. அக்டோபருக்கு முன் மதகுகள் சரிபார்க்கப்பட்டனவா, நம் ஏரிக்கு நீர் வரும் கால்வாய் திறந்திருக்கிறதா, அணையில் எத்தனை கன அடி இருப்பு என்று கோடையிலேயே கேட்போம். குழாயில் தண்ணீர் நின்ற பிறகு கேட்பதில் பயனில்லை.