விலக்கும் நிபந்தனையும்: அமெரிக்கக் கூட்டரசின் கல்வி நிதியில் நெகிழ்வுரிமையின் வரலாறு (1965–2015)

அமெரிக்காவில் பள்ளிக்கல்வி மாநிலங்களின் பொறுப்பு. பள்ளிகளை நடத்துபவை ‘பள்ளி மாவட்டங்கள்’ எனப்படும் உள்ளூர் அமைப்புகள். இவற்றை நம் வருவாய் மாவட்டங்களோடு ஒப்பிடலாகாது. 1965 ஏப்ரல் 11இல் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம், ஏழைக் குழந்தைகளின் கல்விக்கெனக் கூட்டரசின் நிதியை இம்மாவட்டங்களுக்குப் பெருமளவில் கொண்டுசேர்த்தது. அந்நிதியைச் செலவிடும் உரிமை எவரிடம் இருக்க வேண்டும் என்ற வினாவும் அன்றே தோன்றியது.

தொடக்கத்தில் கண்காணிப்பு தளர்வாகவே இருந்தது. அதன் விளைவை ரூபி மார்ட்டினும் ஃபில்லிஸ் மெக்ளூரும் 1969இல் வெளியிட்ட அறிக்கை வெளிப்படுத்தியது. ஏழை மாணவர்க்குரிய தொகை பல மாவட்டங்களில் பொதுச்செலவுகளில் கரைந்திருந்தது. நீச்சல் குளங்கள்கூட வாங்கப்பட்டிருந்தன. இதையடுத்து 1970ஆம் ஆண்டுத் திருத்தங்கள், கூட்டரசின் நிதி உள்ளூர் நிதிக்குக் கூடுதலாக அமைய வேண்டுமேயன்றி அதற்கு மாற்றாகக் கூடாது என வரையறுத்தன. பின்னாளில் ‘அலுவலகக் கெடுபிடி’ எனப் பழிக்கப்பட்ட விதிகளுள் பல இவ்வாறு முறைகேட்டிற்கு மறுமொழியாகப் பிறந்தவையே. நெகிழ்வை வேண்டியோரின் வாதங்களில் இவ்வுண்மை அரிதாகவே இடம்பெறுகிறது.

எனினும் அவ்வாதங்கள் அடிப்படையற்றவை அல்ல. செலவைத் தனியே காட்டும்பொருட்டு, ஏழைக் குழந்தைகளை வழக்கமான வகுப்பிலிருந்து வெளியே அழைத்துச் சென்று தனியறையில் கற்பிக்கும் முறை பரவியது. கணக்கு தெளிவாக இருந்தது. குழந்தைக்குத் தன் வகுப்புப் பாடம் தவறியது.

1994ஆம் ஆண்டுச் சட்டங்கள் விலக்களிக்கும் அதிகாரத்தைக் கல்விச் செயலருக்கும், சோதனை முறையில் சில மாநிலங்களுக்கும் வழங்கின. 1999இல் அவ்வாய்ப்பு தகுதியுடைய எல்லா மாநிலங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆயினும் குடியுரிமைப் பாதுகாப்பு, நிதிப் பகிர்வு, பெற்றோர் பங்கேற்பு முதலியன விலக்களிக்க இயலாதவையாக நிறுத்தப்பட்டன. 1969இன் படிப்பினை இவ்வேலியில் தங்கியிருந்தது.

திருப்பம் 2011இல் நிகழ்ந்தது. 2002இல் நடைமுறைக்கு வந்த ‘எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது’ சட்டம், 2014க்குள் மாணவர் அனைவரும் தேர்ச்சிநிலை எய்த வேண்டுமென விதித்திருந்தது. அவ்விலக்கு எட்டாதது எனத் தெளிவான பின்னரும் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தவில்லை. 2011 செப்டம்பரில் ஒபாமா அரசு விலக்களிப்பை அறிவித்தது. ஆனால் அதற்கு ஈடாகப் புதிய பாடத்தரங்களையும், மாணவர் வளர்ச்சியைக் கணக்கிற்கொள்ளும் ஆசிரியர் மதிப்பீட்டையும் மாநிலங்கள் ஏற்க வேண்டியிருந்தது. கட்டிலிருந்து விடுவிக்கும் கருவி, சட்டத்தில் இல்லாத கட்டுகளை விதிக்கும் கருவியாயிற்று. 2013இல் லாஸ் ஏஞ்சலிஸ், ஃபிரெஸ்னோ உள்ளிட்ட கலிபோர்னியாவின் 8 மாவட்டங்கள், மாநில அரசைச் சாராமல் நேரடியாகவே இத்தகைய விலக்கைப் பெற்றன. கூட்டாட்சியின் வழக்கமான படிநிலையை இது புறந்தள்ளியது.

இம்முறையின் விலையை வாஷிங்டன் மாநிலம் உணர்த்தியது. ஆசிரியர் மதிப்பீட்டில் மாநிலத் தேர்வு முடிவுகளைக் கட்டாயமாக்க அதன் சட்டமன்றம் இசையாததால், 2014 ஏப்ரலில் விலக்கு திரும்பப் பெறப்பட்டது. பழைய விதி மீண்டதும், தனியார் துணைப்பயிற்சிக்கும் மாணவரை வேறு பள்ளிக்கு அனுப்பும் போக்குவரத்துக்குமாக, மாவட்டங்கள் தம் பங்கில் 20 விழுக்காட்டை ஒதுக்கிவைக்க நேர்ந்தது. தம் விருப்பப்படி ஏழை மாணவர்க்குச் செலவிட்டுவந்த தொகை இவ்வாறு முடங்கியது. மாநிலத்தின் பெரும்பாலான பள்ளிகள் தோல்வியுற்றவையாக முத்திரையும் பெற்றன. பூசல் இரு அரசுகளுக்கிடையே; இழப்போ அதில் பங்கேற்காத வகுப்பறைகளுக்கு.

2015 டிசம்பர் 10இல் நிறைவேறிய ‘ஒவ்வொரு மாணவரும் வெற்றிபெறுக’ சட்டம், விலக்களிக்கும் அதிகாரத்தை நீக்கவில்லை. சட்டத்திற்குப் புறம்பான நிபந்தனைகளை விலக்கிற்கு ஈடாகக் கோருவதையே கல்விச் செயலருக்குத் தடைசெய்தது. 2011இன் திட்டப்படி வழங்கப்பட்ட விலக்குகள் 2016 ஆகஸ்ட் 1 முதல் செல்லாதனவாயின.