கள்ளுக்கடையும் கூட்டுறவும்: 1941 கோரிக்கைப் பட்டியல், நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து ஒரு மறுவாசிப்பு

1941ஆம் ஆண்டு கிள்ளான் ரப்பர் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது முன்வைக்கப்பட்ட பன்னிரண்டு கோரிக்கைகளில் பதினொன்றைப் பற்றி ஆய்வாளரிடையே பெரிய பிணக்கு இல்லை. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, சங்கம் வைக்கும் உரிமை முதலியவை தொழிலாளரின் சொந்தக் குரல் என்று ஏற்கப்படுகின்றன. கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்ற கோரிக்கை மட்டும் வேறு கணக்கில் எழுதப்படுகிறது. இந்தியாவின் மதுவிலக்கு அரசியலைப் படித்த நடுத்தர வர்க்கத்தார் இங்கே இறக்குமதி செய்தார்கள் என்றும், தொழிலாளர் தாமாக அதைக் கேட்டிருக்கமாட்டார்கள் என்றும் சொல்லும் வாசிப்பு ஏறத்தாழ மரபாகவே நிலைத்துவிட்டது. அதை ஏற்க இயலவில்லை.

பட்டியலைப் பார்ப்போம். பரவலாக எடுத்தாளப்படும் வடிவத்தில் இக்கோரிக்கை மருத்துவ வசதிக்கும் பேச்சுரிமைக்கும் நடுவே நிற்கிறது. அதையடுத்து, உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி. பிறகு, துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச்செல்லும் உரிமை. யார் உள்ளே வரலாம், யார் முன் எப்படிப் போகலாம், எங்கே கூடலாம் என்பதையெல்லாம் நிர்வாகமே தீர்மானித்த ஓர் இடத்தைப் பற்றிய வரிசை இது. ஒழுக்கப் பிரச்சாரம்தான் நோக்கம் என்றால், கள் கல்வியோடும் குடும்ப நலனோடும் சேர்த்துப் பேசப்பட்டிருக்கும். வரிசையை மட்டும் வைத்து முடிவுகட்டக்கூடாதுதான். பட்டியல்கள் அவசரத்திலும் எழுதப்படும். ஆயினும் தோட்டத்துக் கள்ளுக்கடை நடந்த விதம் இந்த வாசிப்புக்கே துணைநிற்கிறது.

தென்னங்கள் பாளையிலிருந்து இறக்கிய சில மணி நேரத்திலேயே நுரைத்துப் புளித்துவிடும். மறுநாள் அது காடிக்கு அருகில் வந்துவிடும். ஆகவே நெடுந்தூரம் கொண்டுபோய் விற்கும் சரக்கல்ல. கடை குடிப்பவனுக்கு அருகிலேயே, லயத்துக்குப் பக்கத்திலேயே, மாலை நேரத்தில் திறந்திருக்கவேண்டும். போர்ட்டிக்சன் கரையோரத் தோட்டமானாலும் உள்ளே ரெம்பாவ், பகாவ் பக்கத்துத் தோட்டமானாலும் இந்த நியதி மாறாது. கடைக்கான உரிமமோ தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. விடியலில் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, பகலில் பால் எடைபோட்டு, மாத முடிவில் சம்பளம் கொடுத்த அதே நிர்வாகம் மாலையில் கள்ளையும் விற்றது. முக்கியப் பகுதிகளில் 1920களின் இறுதியில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பொருளாதார மந்தத்தில் அது வெட்டப்பட்டது. மீண்டும் ஏறி, 1938இல் மறுபடி குறைக்கப்பட்டபோது இந்திய அரசு உதவிபெறும் குடியேற்றத்தையே நிறுத்தியது. அவ்வளவு மெலிந்த கூலியில் ஒரு பங்கு கொடுத்தவரிடமே திரும்பிப் போயிற்று. வேலைநிறுத்தக்காரர் கண்டது இந்தச் சுற்றைத்தான்.

கடை இலாபம் தொழிலாளர் நலனுக்கே ஒதுக்கப்பட்டதே என்ற வாதம் உண்டு. அந்நிதி ஒருவகைக் கூட்டுச் சேமிப்பு என்றுகூடச் சிலர் மதிப்பிடுகிறார்கள். இங்கேதான் கூட்டுறவு வரலாற்றையும் சேர்த்து வாசிக்கவேண்டும். கூட்டுமலாய் மாநிலங்களில் 1922இல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தபின் தோட்டத் தொழிலாளரிடையே சிக்கன, கடன் சங்கங்கள் உருவாயின. அவற்றில் சேர்ந்தவருக்குத் தன் பெயரில் பங்கு இருந்தது. ஊர் திரும்பும்போது தன் பணத்தைக் கேட்டு வாங்க முடிந்தது. கள்ளு நிதியில் யாருக்கும் பங்கில்லை, வாக்கில்லை. திருவிழாவுக்குத் தருவதா, பந்து விளையாட்டுத் திடலுக்குத் தருவதா என்று முடிவெடுத்தவர் துரை. குடித்தவர்களின் காசில் துரையின் கொடை நடந்தது. இதைக் கூட்டுறவின் பக்கத்தில் வைத்துப் பேசுவது கூட்டுறவு என்ற கருத்தையே கெடுக்கும்.

சிக்கனச் சங்கங்களும் நிர்வாகத்தின் நிழலில் நடந்தவைதாம். அவற்றைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் சம்பள நாளன்று ஒரே காசுக்குச் சங்கக் கணக்கும் கள்ளுக்கடையும் போட்டியிட்டன. ஒன்றில் உறுப்பினன், மற்றதில் வாடிக்கையாளன். கோரிக்கையை எழுதியவர்கள் இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் என்று கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

பட்டியலை முன்வைத்த வட்டாரச் சங்கத் தலைவர் ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றியவர், படித்தவர்; ஆகவே இது அவருடைய கருத்து என்பது அடுத்த மறுப்பு. மே மாதத் தொடக்கத்தில் அவர் கைதானார். போராட்டம் ஓயவில்லை, சிலாங்கூரைக் கடந்து நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. மே 16இல் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒரு வட்டாரச் சங்கத் தலைவரின் தனிப்பட்ட ஒழுக்க விருப்பத்தை, அவர் சிறையில் இருக்கும்போது, அவருடைய வட்டாரத்துக்கு வெளியே இருந்த பால்வெட்டுக்காரர் தூக்கிச் சுமந்தார்கள் என்று நம்பக் காரணம் வேண்டும். அத்தகைய காரணம் இதுவரை காட்டப்படவில்லை. கெடாவில் 1947இல் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்து பீடோங்கில் போலீசாருடன் மோதியதைச் சான்றாகக் காட்டுவதும் பயன்படாது. இடையில் ஜப்பானியர் ஆட்சியும் இந்திய தேசிய இராணுவமும் வந்துபோயின. பிந்திய இயக்கத்தின் ஒழுக்கத் தொனியை 1941இன்மேல் ஏற்றக்கூடாது. கள்ளுக்கடையை மூடினால் சம்சு என்ற சாராயம் பெருகும் என்ற அதிகாரிகளின் எச்சரிக்கையோ வேறு கேள்விக்கான விடை.

சுதந்திரத்துக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது துன் வி. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தி 100 வெள்ளிப் பங்கு சேர்க்கும்படி தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். அந்தத் திட்டத்தை அடையாள அரசியலாகவோ தேர்தல் கணக்காகவோ மட்டும் படிப்போர், தொழிலாளர் ஏன் அவ்வளவு மெலிந்த சம்பளத்திலும் பணம் கட்டினார்கள் என்பதை விளக்குவதில்லை. நிலமும் லயமும் கடையும் ஒரே கையில் இருந்தால் கூலி உயர்ந்தாலும் பயனில்லை என்பதை 1941 தலைமுறை ஏற்கெனவே எழுத்தில் வைத்திருந்தது. பங்குக்குப் பணம் கட்டியவர்களில் பலர் அந்தத் தலைமுறையினர் அல்லது அவர்களின் பிள்ளைகள். நிலத்தையே வாங்கும் கூட்டுறவு, கடையை மூடச் சொன்ன கோரிக்கையின் தொடர்ச்சி என்று வாசிக்க இடமிருக்கிறது; அந்த வாசிப்பைச் சோதிக்க, சிரம்பான் வட்டாரத் தோட்டங்களின் சம்பளப் பேரேடுகளும் கூட்டுறவுச் சங்கக் கணக்குகளும் அருகருகே வைத்துப் பார்க்கப்பட வேண்டும்.