கற்படுக்கை தந்த பரிசு

தொல்லியல் ஆய்வாளரின் பணி, காண்போர்க்குச் சற்று வேடிக்கையாகத் தோன்றும். ஒரே பாறையின்முன் வெயில் சாயும் வரை காத்திருப்பார். பக்கவாட்டில் விழும் ஒளியில்தான் தேய்ந்த எழுத்தின் பள்ளம் தெளிவாகப் புலப்படும். பின்னர் ஈரத்தாளை ஒற்றி, மையிட்டுப் படியெடுப்பார். “புதையல் கிடைத்ததா?” என வினவுவர் ஊரார். பொன் கிடைப்பதில்லை, எனினும் பொன்னினும் அரிய பரிசு எதிர்பாராமல் வாய்ப்பதுண்டு. நம் பகுதியின் பழம்பகை ஒன்றே அதற்குச் சான்று.

பரமத்தி வேலூரில் காவிரியைக் கடந்தால் புகளூர் ஆறுநாட்டார் மலை. அங்குள்ள குகைத்தளத்தில் அமணத் துறவியர்க்கு அமைத்த கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. யாற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த அமணர் உறைவதற்காக, சேரர் குடி இளங்கடுங்கோ இளவரசான காலத்தில் வெட்டுவித்த கல் என்பது ஒரு கல்வெட்டின் செய்தி. தந்தை பெருங்கடுங்கோன், பாட்டன் ஆதன் செல்லிரும்பொறை ஆகியோர் பெயரும் அதில் உள்ளன. ஆட்சிப்பணி அலுவலரான ஐராவதம் மகாதேவன், 1965-இல் இம்மூவரையும் பதிற்றுப்பத்தின் 7, 8, 9-ஆம் பத்துகளின் தலைவர்களோடு பொருத்திக் காட்டினார். ஏட்டில் மட்டுமே அறிந்திருந்த சேரர், கல்லிலும் எழுந்து நின்றனர்.

அவருள் எட்டாம் பத்தின் தலைவன் பெருஞ்சேரல் இரும்பொறை. கொல்லிக் கூற்றத்தில் அதியமானை வென்று, தகடூரை அழித்தவன் என்கிறது அப்பத்தின் பதிகம். கொல்லி, இன்றைய நாமக்கல் மாவட்டத்தது, தகடூரோ தருமபுரி.

தோற்ற அதியர் குடியின் குரலும் பின்னர்க் கல்லில் கேட்டது. 1981-இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில், தமிழ்நாடு தொல்லியல் துறையினர் ஒற்றை வரிக் கல்வெட்டைக் கண்டறிந்தனர். சதியபுதோ என்னும் பட்டத்துடன் அதியன் நெடுமான் அஞ்சி பாளி ஒன்றை ஈந்ததை அது கூறுகிறது. பாளி என்பது துறவியர் உறைவிடம். அதனைச் சமணப் பள்ளி என்றே அறிஞர் பலர் கொள்வர். அசோகர் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு இடம்பெறும் சதியபுத்திரர் யாவர் என்ற நெடுநாள் வினாவுக்கும் அவ்வரியே விடையாயிற்று.

போர்க்களத்தில் பகைத்த இரு குடியினரும் துறவியர்க்கு உறைவிடம் அமைப்பதில் ஒன்றுபட்டனர். இவ்வுண்மையை எந்த நூலும் நமக்கு எடுத்துரைக்கவில்லை. இரு பாறைகளே உரைத்தன. அத்தகைய பாறைகளின்மீது இன்று வண்ணத்தால் தம் பெயரை எழுதிச் செல்வோர் உளர். ஓர் எழுத்து மறைந்தால் ஓர் அரசனின் பெயரே மாறிவிடலாம். விழா நாள்களில் நம் பிள்ளைகளைப் புகளூர் மலைக்கு அழைத்துச் செல்வோம். தொடாமல் படிக்கக் கற்பிப்போம். அக்கற்படுக்கைகளைக் காப்பதும் அறமே.