பிரேம்களுக்கு நடுவே ஒரு கை

சினிமாவின் சரித்திரத்தை எழுத உட்காருபவர்கள் அதை இரண்டு பெயர்களில் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. லூமியேர் சகோதரர்கள் உள்ளதை எடுத்தார்கள். மெலியே இல்லாததை எடுத்தார். யதார்த்தமும் கற்பனையும் அங்கே கிளை பிரிந்தன. பாடப்புத்தகத்துக்கு வசதியான பாகுபாடு இது. ஆனால் காமிராவை நிறுத்தி, எதிரே இருக்கும் பொருளைச் சற்று நகர்த்தி, ஒரு பிரேம் எடுத்து, மறுபடியும் நிறுத்தி நகர்த்தி எடுத்த படங்கள் இந்த இரண்டு கிளைகளில் எதிலும் உட்காருவதில்லை. அவற்றில் தெரியும் பொருள்கள் உண்மையானவை: வண்டு, மரக்கட்டை, களிமண், தீக்குச்சி. அவற்றின் சலனம் மட்டும் உலகில் ஒருபோதும் நிகழாதது. இதற்கு ஸ்டாப் மோஷன் என்று பெயர். நம்மவர்கள் பொம்மைப் படம் என்று சொல்லிக் குழந்தைகளிடம் ஒப்படைத்துவிட்டு வேறு காரியம் பார்க்கப் போய்விட்டார்கள்.

இந்தப் படங்களைப் பற்றி எழுதப்படும் கொஞ்சநஞ்சத்திலும் ஒரு வாசகம் தவறாமல் வந்துவிடுகிறது: கலைஞன் ஜடப் பொருளுக்கு உயிர் கொடுக்கிறான். எனக்கு இந்த வாசகம் அலுத்துவிட்டது. கொடுக்கப்படுவது உயிர் என்பது நம் பிரமை. ஸ்தூலமாகக் கொடுக்கப்படுவது காலம். விநாடிக்கு 24 பிரேம். ஒரு நிலையை இரண்டு பிரேம் எடுப்பது வழக்கம் என்று வைத்துக்கொண்டாலும் விநாடிக்கு 12 நிலைகள். பதினெட்டு நிமிடப் படத்துக்கு ஏறக்குறைய 13,000 நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு கை உள்ளே வருகிறது, வேலை செய்கிறது, வெளியே போய்விடுகிறது. கை போன பிறகுதான் காமிரா கண் திறக்கிறது. திரையில் ஓடும் காலம் ஒன்று. பிரேம்களுக்கு நடுவே கழிந்த காலம் மற்றொன்று. முன்னதை மட்டுமே நாம் பார்க்கிறோம். பின்னதில் யாரோ ஒருவருடைய வாழ்நாள் செலவாகியிருக்கிறது. அந்தச் செலவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியோடு இந்தச் சரித்திரத்தைப் படித்தால் அது வேறு மாதிரித் தெரிகிறது.

மெலியே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை ஒன்றுண்டு. பாரிஸ் நகரில், ஆப்பெரா சதுக்கத்தில், தெருவைப் படமெடுத்துக்கொண்டிருக்கும்போது காமிரா சிக்கிக்கொண்டது. சரிசெய்து மறுபடி சுழற்ற ஒரு நிமிடம் ஆயிற்று. படத்தைத் திரையிட்டபோது, ஆட்களை ஏற்றிச்சென்ற வண்டி சட்டென்று பிணவண்டியாக மாறியிருந்தது. தந்திரக் காட்சி பிறந்த கதையாக இதைச் சொல்வார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது காணாமல் போன அந்த ஒரு நிமிடம். பாரிஸின் ஒரு நிமிடம் எங்கோ விழுந்து தொலைந்தது. அது தொலைந்த இடத்தில் வாழ்வும் சாவும் இடம் மாறிக்கொண்டன.

*

1910. அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த லித்துவேனியாவின் கௌனாஸ் நகரம். போலிஷ் பெற்றோருக்கு மாஸ்கோவில் பிறந்த லதிஸ்லாவ் ஸ்டாரேவிச் அங்கே இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் பணியில் இருந்தார். மான்கொம்பு போன்ற தாடைகளை உடைய ஒருவகை வண்டுகள் சண்டையிடுவதைப் படமெடுக்க விரும்பினார். அவை இரவில் இயங்கும் பிராணிகள். காமிராவுக்கோ வெளிச்சம் வேண்டும். விளக்கைப் போட்டதும் வண்டுகள் அசையாமல் நின்றுவிட்டன. ஸ்டாரேவிச் செத்த வண்டுகளை எடுத்து, கால்களை மெழுகாலும் கம்பியாலும் உடம்போடு பொருத்தி, பிரேம் பிரேமாக நகர்த்திச் சண்டையை எடுத்து முடித்தார்.

பொம்மைப் படத்தின் ஆதிச் சம்பவங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் இதில் ஒரு கசப்பான தர்க்கம் இருக்கிறது. உயிருள்ள வண்டு வெளிச்சத்தில் நடிக்க மறுத்தது. செத்த வண்டு சம்மதித்தது. உயிருக்கு இருட்டு வேண்டியிருந்தது, காமிராவுக்கு ஒளி வேண்டியிருந்தது. இரண்டும் சந்திக்க முடியாத இடத்தில் ஒரு கை நுழைந்து ஈடு செய்தது. உயிர் கொடுத்தல் என்ற சொல் இங்கேயே தடுமாறுகிறது, இல்லையா?

1912-இல் அவர் மாஸ்கோவில் எடுத்த 'காமிராக்காரனின் பழி' படத்தில் வண்டுத் தம்பதி இருவருக்கும் ரகசியக் காதல்கள் உண்டு. கணவன் ஒரு தும்பி நடனக்காரியைத் தேடிப் போகிறான். அவளிடம் தோற்ற வெட்டுக்கிளி ஒரு காமிராக்காரன். சாவித் துவாரம் வழியாகப் படமெடுத்து ஊர்க் கொட்டகையில் எல்லோர் முன்னிலையிலும் ஓட்டிவிடுகிறான். சினிமா பிறந்து இருபது வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் காமிரா வேவு பார்க்கும் கருவி என்று செத்த பூச்சிகளைக் கொண்டு சொல்லியாயிற்று. புரட்சிக்குப் பின் ஸ்டாரேவிச் பிரான்ஸுக்குப் பெயர்ந்தார். 1965-இல் இறக்கும்வரை குடும்பத்தோடு அதே வேலையைச் செய்தார். அங்கே பெரும்பாலும் பெரிய நிறுவனங்களைச் சாராமலே இயங்கினார். காலச் செலவை வீட்டாரே பங்கிட்டுக்கொண்டார்கள்.

*

'காமிராக்காரனின் பழி' வந்த அதே 1912-இல் பம்பாயில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். லண்டனிலிருந்து வில்லியம்ஸன் காமிராவோடு திரும்பிய தாதாசாகேப் பால்கே படமெடுக்கப் பணம் இல்லாமல் இருந்தார். தொட்டியில் பட்டாணி விதைத்து, அதன் எதிரே காமிராவை நிறுத்தி, ஒரு மாதத்துக்கும் மேலாக அது முளைத்து வளர்வதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடிய அந்தப் படத்தைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார். கடன் கிடைத்தது. மறு வருஷம் 'ராஜா ஹரிச்சந்திரா' வந்தது.

ஹரிச்சந்திரனை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறோம். பட்டாணிச் செடியை வரலாற்று நூல்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. படமும் இன்று இல்லை. ஆனால் ஸ்டாரேவிச்சுக்கு நேர் மறுபக்கம் இது. அங்கே செத்ததைக் கை நகர்த்தியது. இங்கே பொருளை நகர்த்த வேண்டிய அவசியமே இல்லை. செடி தானாக நகர்ந்தது. பிரேம்களுக்கு நடுவே கைக்கு இருந்த ஒரே வேலை காத்திருப்பது. நம் கண்ணுக்கு அசைவற்றதாகத் தெரியும் ஒன்று தன் காலத்தில் ஓயாமல் அசைந்துகொண்டிருப்பதை, நம் காலத்தைச் சுருக்கிக் காட்டினால்தான் பார்க்க முடிகிறது.

பால்கே ஏன் செடியைத் தேர்ந்தார்? கடன் கொடுப்பவருக்கு வளர்ச்சி புரியும். வட்டியும் அப்படித்தான் வளர்கிறது. நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. படைப்பாளியின் ஒரு மாதம் ஒரு நிமிடமாகச் சுருங்கி, பணமுள்ளவர் முன்னால் ஜாமீனாக வைக்கப்பட்டது. இந்தியச் சினிமா தன் முதல் காலக் கணக்கை அங்கே எழுதியது. 1915-இல் பால்கே தீக்குச்சிகளை நகரவைத்து ஒரு சின்னப் படம் எடுத்தார். பிரான்ஸில் எமீல் கோல் 1908-இலேயே தீக்குச்சிகளை ஆட்டுவித்திருந்தார். பக்கத்துக் கடையில் கிடைக்கும் மிக மலிவான பொருளையே இந்தக் கலை நாடியது. பொருளுக்கு விலை இல்லை, செலவெல்லாம் நேரத்தில்.

*

அந்த நேரத்துக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தால்? செக்கோஸ்லோவாக்கியாவில் 1945-இல் திரைப்படத் தொழில் தேசியமயமாயிற்று. ஓவியரும் பொம்மலாட்டக்காரருமான யிர்ஷி ட்ரங்கா அடுத்த ஆண்டு பொம்மைப் படப் பிரிவைத் தொடங்கினார். 'ஒரு கோடை இரவின் கனவு' போன்ற ஒரு முழுநீளப் பொம்மைப் படம் 1959-இல் சாத்தியமானதென்றால், சந்தையின் அவசரம் இல்லாத ஓர் ஏற்பாடு பின்னால் இருந்ததும் ஒரு காரணம். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

ட்ரங்காவின் பொம்மைகளுக்கு முகபாவம் மாறாது. வாய் அசையாது. விளக்கை மாற்றுவார், காமிராவின் கோணத்தை மாற்றுவார். அதே மரமுகம் சோகமாகவும் பிறகு பயந்ததாகவும் தெரியும். பாவம் பார்ப்பவன் மனதில் நிகழ்கிறது. அவருடைய கடைசிப் படமான 'கை' 1965-இல் வந்தது. கோமாளி உடையணிந்த சின்னஞ்சிறு சிற்பி ஒருவன் தன் செடிக்காக மண்தொட்டி செய்துகொண்டு ஓர் அறையில் வாழ்கிறான். கதவு தட்டப்படுகிறது. உள்ளே வருவது பிரம்மாண்டமான ஒரு மனிதக் கை. தொட்டி வேண்டாம், கையைச் சிலையாகச் செய் என்கிறது. அவன் மறுக்கிறான். பரிசு வருகிறது, பணம் வருகிறது, மிரட்டல் வருகிறது. பிறகு கயிறு கட்டிக் கூண்டில் அடைக்கப்படுகிறான். மாபெரும் கைச் சிலையைச் செதுக்குகிறான், பதக்கம் பெறுகிறான். தப்பி வீடு சேர்ந்து கதவை ஆணியடித்து அடைக்கும்போது அவனுடைய சொந்தப் பூந்தொட்டியே தலையில் விழுந்து சாகிறான். கை அவனுக்குச் சகல மரியாதைகளுடன் சவ அடக்கம் நடத்துகிறது.

சர்வாதிகாரத்தைப் பற்றிய உருவகம் என்று இதைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். உருவகம்தான். ஆனால் பொம்மைப் படத்தில் கை என்பது வெறும் உருவகமாக இருக்க முடியாது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எந்தக் கை பிரேமுக்கு வெளியே ஒளிந்துகொள்ள வேண்டியிருந்ததோ, அது இங்கே பிரேமுக்குள் நுழைந்துவிட்டது. பொம்மையை நகர்த்தும் கைக்கும், அந்தக் கைக்குக் கூலி கொடுக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. சிற்பியை ஒடுக்கும் அதே உறுப்பால்தான் சிற்பியின் ஒவ்வொரு அசைவும் செய்யப்பட்டிருக்கிறது. ட்ரங்கா இதில் தன்னை விலக்கிக்கொள்ளவில்லை என்பது என் வாசிப்பு. இல்லாவிட்டால் அந்தச் சாவுக்குத் தொட்டியைக் காரணமாக்கியிருக்க மாட்டார். கையே நேராக வந்து நசுக்கியிருக்கும்.

1968 ஆகஸ்டில் டாங்கிகள் ப்ராக் நகருக்குள் வந்தன. ட்ரங்கா 1969 டிசம்பரில் காலமானார். அரசு மரியாதையுடன் அடக்கம் நடந்தது. படம் அதன் பிறகு தடைசெய்யப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முடக்கப்பட்டது.

*

அதே நாட்டின் யான் ஷ்வாங்க்மாயர் 1934-இல் பிறந்தவர், ஸர்ரியலிஸ்ட். 1970-களில் சில ஆண்டுகள் படமெடுக்க விடாமல் தடுக்கப்பட்டார். அந்த ஆண்டுகளில் அவர் தொடு உணர்வைப் பற்றிய பரிசோதனைகளில் இறங்கினார்; கண்ணால் பார்ப்பதற்கன்றி விரலால் தடவி அறிவதற்கான பொருள்களைச் செய்தார். காமிரா பறிபோனபோது கை மிஞ்சியது.

திரும்பி வந்து அவர் எடுத்த 'உரையாடலின் பரிமாணங்கள்' (1982) படத்தின் முதல் பகுதியில் காய்கறியும் உணவும் சேர்ந்த தலை, சமையல் கருவிகள் சேர்ந்த தலை, எழுதுபொருள்கள் சேர்ந்த தலை ஆகியவை ஒன்றையொன்று விழுங்கித் துப்புகின்றன. ஒவ்வொரு முறையும் துகள் இன்னும் பொடியாகிறது. கடைசியில் வழவழப்பான களிமண் தலைகள், ஒன்றுபோல் ஒன்று, வரிசையாகத் தங்களையே வாந்தியெடுக்கின்றன. கருத்தொற்றுமை என்பதன் இவ்வளவு அருவருப்பான பிம்பத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்தப் படத்தில் பொருள்களை நகர்த்தியவர் வ்லாஸ்தா பொஸ்பிஷிலோவா. ட்ரங்காவின் ஸ்டூடியோவில் தொழில் பழகியவர். களிமண்ணில் துடிக்கும் விரல்தடங்களைப் பார்த்து நாம் ஷ்வாங்க்மாயரின் முத்திரை என்கிறோம். மறைந்த கையைப் பற்றிப் பேசும்போதே இன்னொரு கையை மறைத்துவிடுகிறோம். விமர்சனம் இப்படித்தான் காமிராவின் பழக்கத்தைத் தானும் பழகிக்கொள்கிறது.

1989-இல் வந்த 'இருள் ஒளி இருள்' சில நிமிடங்களே ஓடும். சின்ன அறை ஒன்று. ஒரு களிமண் கை உள்ளே வந்து விளக்கைப் போடுகிறது. இன்னொரு கை, கண்கள், காதுகள், தலை, நாக்கு, மூளை, கால்கள் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. ஒரு மனிதன் உருவாகிறான். உருவானதும் அறை போதவில்லை. முழங்காலை மடித்து, தலை கூரையில் முட்ட, அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடக்கிறான். விளக்கு அணைகிறது. ஆதியாகமத்தில் முதலில் ஒளி, மனிதன் கடைசியில். இங்கே ஒளியை உண்டாக்குவதே மனிதக் கைதான். அந்தக் கைக்கு உடம்பு கிடைத்தபோது அசைய இடமில்லை. அந்த வருஷ இறுதியில் அங்கே ஆட்சி விழுந்தது என்பதைச் சேர்த்துப் படிக்கலாம். சேர்க்காமலும் படம் நிற்கிறது. ஸ்டாரேவிச்சின் வண்டு விளக்கு போட்டதும் செய்ததைத்தான் இந்த மனிதனும் கடைசியில் செய்கிறான்: அசையாமலாகிறான்.

*

ரஷ்யாவின் யூரி நோர்ஷ்டெய்ன் வெட்டிய உருவத் துண்டுகளைக் கண்ணாடித் தட்டுகளின்மேல் பரப்பி, மேலிருந்து காமிராவால் எடுப்பவர். உருவங்களை வரைபவர் அவர் மனைவி ஃப்ரான்செஸ்கா யார்பூஸவா. 'கதைகளின் கதை' (1979) படத்தில் தெருவிளக்கின் கீழே ஜோடிகள் டாங்கோ ஆடுகிறார்கள். இசைத்தட்டு இடறுகிறது. ஒவ்வொரு இடறலிலும் ஓர் ஆண் காணாமல் போகிறான். பெண் வெறுங்கையோடு ஆடியபடி நிற்கிறாள். போர். மெலியேயின் காமிராவில் தற்செயலாகத் தொலைந்த அந்த ஒரு நிமிடம் இங்கே ஒரு தலைமுறையை விழுங்கும் இடைவெளியாக வந்திருக்கிறது. ஒரே தந்திரம்தான்; நடுவில் எண்பது வருஷங்கள்.

1981-இல் அவர் கோகோலின் 'மேலங்கி'யைத் தொடங்கினார். வேகம் போதாது என்று 1980-களின் நடுவில் ஸ்டூடியோ அவரை வெளியேற்றியது. அரசின் ஸ்டூடியோ அது. ட்ரங்காவுக்குக் காலம் கொடுத்த அதே வகை ஏற்பாடு இங்கே காலத்தைத் திரும்பக் கேட்டது. பின்பு அந்த அரசே இல்லாமல் போயிற்று, படம் தொடர்ந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் முடியவில்லை. துண்டு துண்டாகவே வெளியே தெரிந்திருக்கிறது.

மந்த கதியையே ஒரு தர்மமாக்கி இதைக் கொண்டாட நான் தயாரில்லை. முடியாத படம் முடியாத படம்தான். ஆனால் அந்தக் கதையின் அக்காக்கி அக்காக்கியெவிச் யார் என்பதை யோசிக்க வேண்டும். பிறர் எழுதியதை எழுத்தெழுத்தாகப் பிரதி எடுக்கும் குமாஸ்தா அவன். ஒவ்வோர் எழுத்தையும் எழுதும்போது அவன் முகத்தில் அந்த எழுத்தே தெரியும் என்று கோகோல் சொல்லியிருக்கிறார். அவன் வேலையில் வேகத்துக்கு இடமில்லை, பெயருக்கும் இடமில்லை. பிரேம் பிரேமாக வேலை செய்பவனுக்கு இதைவிட நெருக்கமான பாத்திரம் உலக இலக்கியத்தில் கிடைக்காது. இதழ் இதழாகக் கையால் அச்சுக் கோத்து வாழ்ந்த பத்திரிகைகளின் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதுமில்லை.

முடிந்த படங்களில் பிரேம்களுக்கு நடுவே கழிந்த காலம் தடயமின்றி மறைகிறது. 'மேலங்கி'யில் அது மட்டுமே வெளியே தெரிகிறது. நோர்ஷ்டெய்ன் 1941-இல் பிறந்தவர் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.