இரானிகள்

இந்தியாவில் ஜொராஸ்டிரிய சமயத்தவர் என்றாலே பார்சிகள்தாம் நினைவுக்கு வருவர். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தி, 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஈரானின் யஸ்து, கெர்மான் வட்டாரங்களிலிருந்து பம்பாய்க்கு வந்த அதே சமயத்தவர் இரானிகள் எனப்படுகின்றனர். ஷியா முஸ்லிம் இரானிகளும் அந்நகரில் உண்டு, அவர்கள் வேறு.

கஜார் மன்னர்கள் காலத்தில் ஈரானிய ஜொராஸ்டிரியர், முஸ்லிம் அல்லாதோர் மீதான ஜிஸ்யா வரியைக் கட்டினர். ஊருக்குள் குதிரை ஏறத் தடை, உடையின் நிறத்துக்கும் கட்டுப்பாடு. 1854இல் பம்பாய்ப் பார்சிகள் மானக்ஜி லிம்ஜி ஹதாரியாவை அங்கு அனுப்பினர். அவர் ஷாவிடம் மன்றாடி மன்றாடி, 1882இல்தான் வரி நீங்கியது. அதற்குள் 1870களின் தொடக்கத்துப் பஞ்சமும் சேர்ந்து பலரைக் கப்பலேற்றிவிட்டது.

ஆலையும் கப்பலும் வைத்திருந்த பார்சிகளுக்கு முன் இவர்கள் ஏழை உறவினர். பார்சி வீடுகளில் வேலை செய்து தொடங்கியவர்கள் பலர். பிறகு தெருமுனைகளில் தேநீர்க் கடை வைத்தனர். தெருக்குத்துக்கு நம்மூரார் அஞ்சுவதுபோல, முனை மனை ஆகாது என்று இந்து வணிகர் ஒதுக்கியதால் அவை மலிவாகக் கிடைத்தன என்பது பம்பாயில் வழங்கும் பேச்சு. சலவைக்கல் மேசையும் பிரூன் ரொட்டியும் வெண்ணெயும் நகரத்தின் அடையாளமாயின. 1904இல் தொடங்கிய கயானி என்னும் கடை இன்றும் நடக்கிறது. பம்பாய்க்கு வடக்கே தஹானுவில் குடியேறியவர்கள் சப்போட்டாத் தோப்பு வளர்த்தனர். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படத்தைத் தயாரித்த அர்தேஷிர் இரானியின் பெயரிலும் இம்மரபு தெரிகிறது.

வீட்டில் பேசிய தாரி மொழி தேய்ந்து, குஜராத்தி அதன் இடத்தைப் பிடித்தது. பார்சிகளோடு மணவுறவும் பெருகியது. சட்டம் முன்பே இருவரையும் சேர்த்துவிட்டது: ஜொராஸ்டிரிய சமயத்தைப் பின்பற்றும் இரானிகளும் பார்சிகளே என்று பெட்டிட் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 1908இல் தீர்ப்பளித்தது.

இந்த அணைப்பில் தனிக்கணக்கு தொலைந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பார்சி எண்ணிக்கைக்குள் இவர்களும் அடங்கிவிடுவதால், அந்த எண்ணிக்கையின் தேய்வையே இவர்களுக்கும் கொள்ள வேண்டியிருக்கிறது. காலந்தாழ்ந்த திருமணம், மணமே செய்யாமை, குறைந்த பிள்ளைப்பேறு, வெளிநாட்டுக் குடியேற்றம், வெளியே மணந்த பெண்களின் பிள்ளைகளைச் சேர்க்காமை ஆகியவை காரணங்கள். 1941இல் சுமார் 1,15,000 ஆக இருந்த அந்த எண்ணிக்கை 2001இல் 69,601; 2011இல் 57,264.