அரியலூர்க்காரரும் அடகுக்குப் போன தங்கமும்

1991 ஜூலை. திட்டக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் பகுதியில் உட்கார்ந்திருந்தேன். ஆடிப்பட்டத்துக்குப் பணம் தேடி வந்த கூட்டம். மனைவியின் கம்மலை நீட்டிய பெரியவர் ஒருவர், “ஏன் சார், ரிசர்வ் பேங்கே தங்கத்தை அடகு வெச்சிடுச்சாமே, நாங்க வெச்சா என்ன வெக்கம்?” என்றார். வரிசையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டு வளையல்களும் அப்போது அடகில்தான் இருந்தன.

அந்த மாதம் சுமார் 47 டன் தங்கம் விமானத்தில் லண்டனுக்குப் போனது. அதன் பேரில் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் சுமார் 40 கோடி டாலர் கடன் வாங்கினோம். வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறியிருந்தது. வெளிநாட்டு இந்தியர்கள் இங்கே போட்டிருந்த டெபாசிட்டை எடுக்கத் தொடங்கினார்கள். குறுகிய காலக் கடன் கொடுத்த வெளிநாட்டு வங்கிகள் புதுப்பிக்க மறுத்தன. கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் வரும்.

அப்போது ரிசர்வ் வங்கி கவர்னர் வெங்கிடரமணன், துணை கவர்னர் சி. ரங்கராஜன். ரங்கராஜன் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். வெள்ளாற்றைத் தாண்டிப் போனால் வரும் அரியலூரில் 1932இல் பிறந்தவர். திருச்சி நேஷனல் கல்லூரி, சென்னை லயோலா, பிறகு பென்சில்வேனியாவில் முனைவர் பட்டம், அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பேராசிரியர். 1982இல்தான் ரிசர்வ் வங்கிக்கு வந்தார்.

ரூபாய் மதிப்பை ஜூலை 1ஆம் தேதியும் 3ஆம் தேதியும் இரண்டு முறையாகக் குறைத்தார்கள். இரண்டாவதை நிறுத்த முடியுமா என்று 3ஆம் தேதி காலை நிதியமைச்சர் மன்மோகன் சிங் போனில் கேட்டார். அறிவிப்பு வெளியாகிவிட்டது என்றார் ரங்கராஜன்! போன் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன்.

ஆனால் அவருடைய பெரிய வேலை அதற்குப் பிறகுதான் என்பது என் எண்ணம். அந்நியச் செலாவணி நெருக்கடி பற்றி ஆராய அவர் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். குறுகிய காலக் கடனைக் கட்டுப்படுத்துங்கள் என்று 1993இல் அந்தக் குழு சொன்னது. ‘திருப்பிக் கேட்கும் நாள் நம் கையில் இல்லாத கடன்’ என்று அதை நகைக்கடன்காரன் மொழியில் சொல்வேன். 1992 டிசம்பர் முதல் 1997 வரை அவரே கவர்னர். தேவைப்பட்டபோதெல்லாம் மத்திய அரசு ரிசர்வ் வங்கியிடம் தானாகவே கைமாற்று எடுக்கும் ‘அட்ஹாக்’ பழக்கமும் அவர் காலத்தில்தான் 1997இல் முடிவுக்கு வந்தது. டீக்கடை அக்கவுண்டை மூடுகிற மாதிரி! 1997 மார்ச்சில் கையிருப்பு 2,600 கோடி டாலர். அந்த ஜூலையில் தாய்லாந்து நாணயம் சரிந்து, இந்தோனேசியா, கொரியா என்று வரிசையாக விழுந்தபோது நம் ஊர் வங்கிகளில் கூட்டம் கூடவில்லை. நான் அன்றும் அதே நாற்காலியில்தான் இருந்தேன்.

அடகுக் கடனை 1991 முடிவதற்குள் நாடு அடைத்துவிட்டது; தங்கம் மட்டும் லண்டன் பெட்டகத்திலேயே இருந்தது. என் வளையலை மீட்க 1993 தை ஆனது.

2024இல் இங்கிலாந்திலிருந்து 100 டன் தங்கத்தை ரிசர்வ் வங்கி இங்கே கொண்டுவந்த செய்தியை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “வட்டி எவ்வளவு கட்டினாங்களாம்?” என்று கேட்டாள்.